அறுபதைத் தாண்டினால் ஆடும் ஜீப்

ஜீப் ஆடியது. அதை ஓட்டிய எனக்குத் தெரியும். ஆனால் வண்டி முதலாளி வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் ஆடியது என் கை.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில் வேகம் அறுபதைத் தாண்டும்வரை ஒன்றும் இருக்காது. தாண்டியபின் ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்தால் போதும், ஸ்டீரிங் இடமும் வலமுமாக வெட்டும். பிடித்த கையைத் தோளோடு பிடுங்கிவிடும் போல இருக்கும். பிரேக்கை மிதித்து வண்டி நடை வேகத்துக்கு வந்தால்தான் அடங்கும். பின்சீட்டில் இருக்கும் பெரியவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றைத்தான் கேட்பார்.

"ஏன்டா, காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?"

நான் குடிக்கிறவன் இல்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்பார்.

பெரியவர் எங்கள் ஊரில் நிலக்காரர். எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு அவர் கழனியில்தான் கூலி. என் அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் அந்தச் சேற்றில்தான் குனிந்தார்கள். நான் லைசென்ஸ் எடுத்து அவர் வண்டிக்கு டிரைவரான அன்றைக்கே, இந்த ஆள் கழனியில் இனி என் கால் படாது என்று என் பெண்டாட்டி முன்னால் சத்தியம் செய்தேன். இப்போது கைதான் நடுங்குகிறது என்று முடிவாகிவிட்டால் வேலை போகும். கை நடுங்குகிறவன் என்று பேர் வாங்கியவனை, அதுவும் ஐம்பது தாண்டியவனை, வேறு எவன் வண்டியில் ஏற்றுவான்? திரும்பவும் அதே சேறுதான். என் பயமெல்லாம் அதுதான்.

முன்பு அந்த ஜீப் ஆடியதே இல்லை. பெரியவரின் மகன் கை வைத்தபிறகுதான் ஆட ஆரம்பித்தது. ஏரி நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வழிந்து கோடி போனால் எங்கள் பக்கம் ஊரே திரண்டு போகும், கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, கலங்கலில் வழிகிற தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஜீப்பில் போய் வீடியோ போட வேண்டும் என்று சின்னவருக்கு ஆசை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயரத் தூக்கினார். ட்ராக்டருக்குப் போடுகிற மாதிரி பெரிய டயர் போட்டார். ஏரி கோடி போகிறது என்று போன் வந்ததும், ராகுகாலம் பிறப்பதற்குள் வண்டி வாசலை விட்டுக் கிளம்பணும் என்று அந்த வேலையைச் செய்த லேத்துக்காரரை நிற்க விடாமல் விரட்டினார். வீடியோ நன்றாகத்தான் வந்தது.

"சின்னய்யா, வண்டிய தூக்குனப்புறம்தான் ஆடுது" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? ஸ்டீரிங்க புடிக்கச் சொன்னா புடி."

என் மகன் வயசுதான் அவருக்கு. அப்புறம் திருஷ்டி என்றார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். வண்டி பழையபடியே ஆடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். நாஷ்டா முடிந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது பெரியவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்த வீட்டில் எனக்குக் காகிதக் கப்தான். எவர்சில்வர் என் கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"நீட்டிப் புடிடா. ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

பிடித்தேன். என் நெற்றியில் வேர்வை வழிந்தது, தண்ணீர் வழியவில்லை. தோள் வலித்தது, விடவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவர், "பரவால்லயே, அப்டியே நிக்குதே" என்றார். எனக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது. கேஸ் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

பெரியவர் சிரித்தார். "போட்டுக்கினு வந்துகிறான், அதான் நிக்குது. போத எறங்குச்சின்னா பாரு, ஆட ஆரம்பிக்கும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர் வீட்டம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "அந்த டம்ளர இங்க வைக்காதீங்க, அவனையே எடுத்துனு போவச் சொல்லுங்க." எடுத்துக்கொண்டு போனேன். ஷெட்டில் கிரீஸ் போட்டு வைக்க உதவியது.

அன்று மதியமே ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டேன். எவன் வேண்டுமானாலும் சிரிக்கட்டும், இந்த எழவை நானே கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு வெறி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் தளர்ச்சி இல்லை. வண்டியை இறக்கி, சின்னவரை மேலே உட்காரவைத்து ஸ்டீரிங்கை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னேன். கீழே நான் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். எந்த மூட்டு லூசோ அது விரலுக்கு அடியில் 'டக்' என்று சொல்லும். மெதுவாக என்றுதான் சொன்னேன். அவர் பாட்டுக்குப் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு வெட்டு வெட்டினார். ராடுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் என் விரல் மாட்டிக்கொண்டது. "அய்யோ" என்று கத்தினேன்.

"இன்னா, அங்கயும் கை ஆடுதா?" என்று மேலேயிருந்து கேட்டார்.

விரல் நகம் கறுத்துப்போய் அப்புறம் விழுந்தது. இருந்தாலும் லூசான மூட்டைப் பிடித்துவிட்டேன். ஸ்டீரிங் ராடைச் சக்கரத்தோடு சேர்க்கிற மூட்டு, இடப்பக்க டை ராடு எண்டு. புதுசு மாற்றினோம். பெருமையாக வண்டியை எடுத்தேன். ஆட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது, நிற்கவில்லை.

"கெட்டத மாத்தியாச்சி. இன்னும் ஆடுதுன்னா வண்டியா, கையா? நீயே சொல்லு" என்றார் பெரியவர். "அமாவாச வரைக்கும் பாப்பேன். அப்புறம் நட."

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண்டாட்டி ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். ஒருநாள் மாகறல் கோயிலுக்கு அவர்களை இறக்கிவிட்டு, காலி வண்டியை நிழலுக்குத் திருப்பினேன். திருப்பிய பிறகு, வண்டி உருளும்போதே பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீரிங் திருப்பிய இடத்திலேயே நின்றது. எந்த வண்டியிலும் கையைத் தளர்த்தினால் சக்கரம் தானாக நேருக்கு வரும். இது வரவில்லை. மறுபக்கம் திருப்பினேன். அங்கேயும் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

சைக்கிளில் முன் ஃபோர்க் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் நேராகப் போகிறது. ஜீப்பிலும் முன் ஆக்சிலுக்கு அதே சாய்வு வேண்டும். வண்டியைத் தூக்கும்போது அந்தச் சாய்வு கெடும் என்று ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு இரும்பு ஆப்பு வைப்பார்கள். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு. குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆப்பு தலைகீழாக உட்கார்ந்திருந்தது. கனம் வர வேண்டிய பக்கத்தில் மெல்லிசு. இருந்த கொஞ்ச நஞ்ச சாய்வையும் அதுவே தின்றுவிட்டது. ராகுகாலத்துக்கு முன்னால் ஓடச் சொன்னால் லேத்துக்காரர்தான் என்ன செய்வார்? கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அழுகையே வந்தது.

போய்ச் சொன்னதும் லேத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஆப்பைக் கழற்றித் திருப்பி மாட்டினார். மறுநாள் பெரியவரும் சின்னவரும் ஏறினார்கள். அதே சாலவாக்கம் சாலை. அறுபது. எழுபது. அந்தப் பழைய பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டேன். 'தொம்' என்று விழுந்து எழுந்தது, அவ்வளவுதான். ஸ்டீரிங் கம்மென்று இருந்தது.

"பாத்தீங்களாய்யா? கையி இல்ல, வண்டிதான்" என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

பெரியவர் பின்சீட்டிலிருந்து கையைக் காட்டினார். "ஓரமா நிறுத்து. சின்னவன் ஓட்டட்டும்" என்றார். சின்னவர் எண்பதில் ஓட்டினார், ஒற்றைக் கையால். நான் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் குந்தியிருந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் பெரியவர் என் தோளில் தட்டினார். அத்தனை வருஷத்தில் தட்டியது அதுதான் முதல் தடவை.

"ஆட ஆரம்பிச்சப்பவே உன்ன அனுப்பிட்டிருப்பேன். அந்தப் பேஜார் புடிச்ச வண்டிய வேற எவன் தொடுவான்னுதான் வச்சிக்கினு இருந்தேன். இப்ப பச்சப்புள்ள கூட ஓட்டும். சாவிய சின்னவன்கிட்ட குடுத்துடு." ரொம்ப அன்பாக இன்னொன்றும் சொன்னார். "உன்ன அப்டியே வுட்டுட மாட்டேன்டா. நடவுக்கு ஆள் பத்தல. நாளைக்கே கழனிக்கு வந்துடு."

பாவி, அதை உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். ஆப்பை அப்படியே விட்டிருந்தால் அமாவாசை வரைக்குமாவது ஓட்டியிருப்பேன். நாலைந்து நாள் வீட்டில் கிடந்தேன். உத்திரமேரூரில் இரண்டு இடத்தில் வேலை கேட்டேன். கை நடுங்குகிற சங்கதி எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த நாள் விடிந்ததும் பேண்ட்டை அவிழ்த்துவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குச் சத்தியத்தைக் கேட்ட பெண்டாட்டியே தூக்குவாளியில் கூழ் ஊற்றிக் கொடுத்தாள்.

சேறு கெண்டைக்கால் வரை ஏறியது. நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கும்போது ஏரிக்கரைமேல் ஜீப் போனது. நல்ல வேகம். நட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து கரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா மாமா, வண்டி இப்ப ஆடலியா?"

"ஆடல" என்றேன்.