அவன் வைத்த எண்

தையல் மெஷின் மெக்கானிக்குக்குக் கையில் எடுத்ததைச் சரிசெய்யாமல் கீழே வைத்துப் பழக்கமில்லை. இறந்துபோன மகனின் பழைய கேமராவை இளையவள் கொண்டுவந்து நீட்டியபோதும் அப்படித்தான்.

"அப்பா, லென்ஸ் வளையம் திரும்பவே மாட்டேங்குது. நான் படம் எடுக்கணும்."

உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவித் துடைத்து, திரும்ப அடுக்கினார். எண்கள் பொறித்த வளையம் வழுக்கிக்கொண்டு சுழன்றது. மகள் கைதட்டினாள்.

சத்தம் கேட்டு ஈரக் கையோடு வந்த மனைவி லென்ஸையே பார்த்தாள்.

"அவன் கடைசியா எந்த நம்பர்ல வச்சிருந்தான்?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் கடைசியாகத் திருகி நிறுத்திய இடத்திலேயே அது இத்தனை நாளும் இறுகி நின்றிருந்தது. அவர் பிசுக்கைத்தான் பார்த்தார், எண்ணைப் பார்க்கவில்லை.

"கவனிக்கலையே..."

"போகட்டும் விடுங்க. அவளாவது எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் மூடவில்லை.

இப்போதெல்லாம் பழுதுக்கு வரும் எந்த மெஷினையும் அவர் உடனே தொடுவதில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"என்னண்ணே, மெஷினுக்கு ஜோசியமா பாக்குறீங்க?" என்று சிரிக்கிறார்கள். அவரும் சிரித்துவைக்கிறார்.