ஒரே தரையில் இரண்டு ஒன்றாம் நம்பர்

என் நாத்தனாருக்கு வீட்டில் ரம்பம் என்று பெயர். கையில் இருப்பதும் ரம்பம், வாயைத் திறந்தாலும் ரம்பம். தச்சு வேலைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, ஆனால் எல்லாமே யாராவது ஒரு காண்ட்ராக்டர் பெயரில் நடந்த வேலை. கதவை இழைத்து மாட்டுவது அண்ணி (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்), சபாஷ் வாங்கிக்கொள்வது அந்த ஆள். இந்தப் பேச்சை அண்ணி எடுத்தால் எல்லார் தட்டிலும் சாப்பாடு ஆறிப்போகும்.

நான் ஒரு கலை அறக்கட்டளையில் நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடை தைக்கிறவள். எங்கள் தலைமையகத்துக்கென்று நூற்றிருபது வயதான தபால் நிலையம் ஒன்று கிடைத்தது. கூரை ஒழுகும், படிக்கட்டு ஆடும். ஆனாலும் நடுக்கூடத்து மரத்தரையைப் பார்த்ததும் எங்கள் நடனக்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவர் கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

தரையைப் பெயர்த்து, அடியில் நிலவறைக்கு மேலே ஓடும் செல்லரித்த உத்தரங்களை மாற்றி, அதே பலகைகளை அதே இடத்தில் திரும்பப் பதிக்க வேண்டும். பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பான அதிகாரியம்மாவின் கண்டிப்பு அது. "எங்க அண்ணி செய்வாங்க" என்று நான் வாயை விட்டேன். அறக்கட்டளையின் செயலாளர் அவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை அதிகாரி வரும்போது தரை சரியாக முடிந்திருந்தால் கதவு, ஜன்னல், படிக்கட்டு வேலை எல்லாம் அண்ணியின் சொந்தப் பெயருக்கே என்றார். முடியாவிட்டால் பெரிய காண்ட்ராக்டருக்குப் போய்விடும். வீடு வந்ததும் அண்ணி உளிகளைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

உதவிக்குத் தன் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரை, சேர்த்துக்கொண்டார். முதல் நாளே உளியை மழுக்கியது யார் என்று சண்டை. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பலகையைக் கழற்றியதும் அதன் அடிப்பக்கத்தில் பென்சிலால் வரிசை நம்பர் எழுத வேண்டும். அண்ணி வாசல் பக்கமிருந்து ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தார். இவர் ஜன்னல் பக்கமிருந்து ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பார்களா? மூன்றாம் நாள் கூடத்தின் நடுவில் முதுகும் முதுகும் இடித்துக்கொண்டபோதும் கேட்கவில்லை. பலகைகள் முற்றத்துக்குப் போய், துடைத்து, பூச்சி மருந்து பூசி, கலந்துகட்டி அடுக்கப்பட்டன.

வெள்ளிக்கிழமை காலை உத்தரம் தயார். "ஒண்ணாம் நம்பர் வரட்டும்" என்றார் அண்ணி, தம்பியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து. முற்றத்திலிருந்து எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பலகையோடு வந்து நின்றார்கள்.

இரண்டும் இரண்டு, மூன்றும் இரண்டு, நூற்று நான்கு வரைக்கும் எல்லாமே ஜோடி ஜோடி. "கையெழுத்தை வெச்சுப் பிரிச்சிடலாமே?" என்று செயலாளர் நல்ல யோசனைதான் சொன்னார். ஆனால் இவர்கள் இருவருக்கும் எண் எழுதக் கற்றுக்கொடுத்தது ஒரே அப்பா.

"இது உன் ஏழுடா."

"இல்லக்கா, இது உன் ஏழு."

உளிச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் பேச்சு. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி என்னை முறைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலகைக் குவியலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டிருந்தார். "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு எம்பேர்ல ஒரு வேலை வந்துச்சு. அதையும் நானே கெடுத்துக்கிட்டேன்" என்றார்.

முகத்தைத் துடைக்கக் குனிந்தவரின் பார்வை அப்படியே நின்றது. மடியிலிருந்த பலகையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சொட்டு, அதுவும் பாதிச் சொட்டு. பார்சலுக்கு முத்திரை வைக்க உருக்கிய அரக்கு, எந்தக் காலத்திலோ சிந்தியது. "இதோட மீதிப் பாதி எங்க?" என்றார்.

"அண்ணி!" என்று கத்திவிட்டேன். "கோடு போட்ட துணியில கோட்டோட கோடு சேர்த்துத் தைக்கிற மாதிரிதான்! நம்பரை விடுங்க, மேல்பக்கத்தைப் பாருங்க!"

அவ்வளவுதான், அறக்கட்டளையே முற்றத்தில் இறங்கிவிட்டது. மேளக்காரர், பொம்மலாட்டக்காரர், பாட்டு கோஷ்டி, ஆளுக்கொரு பலகை. "எனக்கு நீல மசிக் கறை, வால் இடது பக்கம்! யார்கிட்ட இருக்கு தலை?" "அரக்கு ரெண்டு சொட்டு, சீக்கிரம் வாங்க, வயசாகுது!" பெண்ணுக்கு வரன் தேடுகிற வீட்டில்கூட அத்தனை சத்தம் இருக்காது. ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று நின்று தேய்ந்த பள்ளம் மட்டும் பதினோரு பலகையில் ஓடியது. ஒவ்வொரு ஜோடி சேரும்போதும் மேளம் ஒரு அடி. என் வீட்டுக்காரர் ஆணியை நீட்ட, அண்ணி அடிக்க, இருட்டுவதற்குள் தரை முடிந்தது.

சனிக்கிழமை அதிகாரியம்மா மண்டியிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, "பாரம் தாங்குதான்னு பாக்கணும். நாப்பது பேர் ஒண்ணா குதிங்க" என்றார்.

தரை போட்டவர் முதல் சோதனையில் தரைக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது இவர்கள் வீட்டுத் தொழில் முறை. யாரும் கேட்கவில்லை, அண்ணியே நிலவறைக் கதவைத் தூக்கினார். "அக்கா, நான் போறேன்" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார்.

"எம்பேர்ல போட்ட தரைடா. நீ மேல நின்னு நல்லா குதி" என்று இறங்கிவிட்டார்.

குதித்தோம். மேளக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? குதித்தது ஆட்டமாகிவிட்டது. செயலாளர் ஆடினார், அதிகாரியம்மா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஆடினார், கல்யாணத்தில்கூட ஆடாத நானும் ஆடினேன். ஆனால் கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரம்பம் இத்தனை நேரம் சும்மா இருக்காதே! "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு நிலவறைக் கதவுக்கு ஓடினேன்.

அண்ணி தலைக்கு மேல் இருந்த பலகைகளில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தபடி நின்றிருந்தார். முகமெல்லாம் தூசி, அதில் கண்ணீர் இறங்கிய கோடு, வாய் நிறையச் சிரிப்பு.

செயலாளர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மூச்சுவாங்கக் கத்தினார். "கதவு, ஜன்னல், படிக்கட்டு, எல்லாம் உங்க பேர்லதாம்மா!"

"சரி சரி, காதுல விழுந்துச்சு" என்றார் அண்ணி. "அதுக்கு எதுக்கு நிறுத்துனீங்க? ஆடுங்க!"