இறுகிய காப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எழுதினால் அம்மன் குறை நினைப்பாளோ என்று பயம். எழுதாவிட்டால் ஊர்க்கதை என் மகளை விடாது என்றும் பயம். நான் அதிகம் படித்தவள் இல்லை. நடந்தபடி சொல்கிறேன்.

சல்லி என்ற கடற்கரை ஊரில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் பாடசாலை விளையாட்டில் இரும்புக் குண்டு போடப் பழகி, வெளிநாட்டில் இளையோருக்கு நடக்கும் கனிஷ்ட மெய்வல்லுநர் போட்டிக்குத் தெரிவானாள். பக்கத்து வீட்டுக்காரி கருவாடு புரட்டிக்கொண்டே கேட்பாள்: "உந்த இரும்பைத் தூக்கித் திரியிற பிள்ளைக்கு மாப்பிள்ளை எங்க தேடப்போறியள்?"

மகள் விடமாட்டாள். "வாற மாப்பிள்ளையையும் தூக்கிப் பார்த்திட்டுத்தான் மாமி ஓம் சொல்லுவன்."

அந்த வருடம் அம்மன் சடங்குக்கு நேர்த்தி வைத்துக் காப்புக் கட்டினாள். மஞ்சள் பூசிய நூல். பெண்பிள்ளைகளுக்கு இடக்கையில் கட்டுவார்கள். என் மகள் குண்டு போடுவதும் இடக்கையால்தான். காப்புக் கட்டியவர்கள் சடங்கு முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. பயணம் அதற்குப் பிறகுதான் என்றிருந்தோம். திடீரென்று பயணத்தை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள்.

கோவில் பூசாரியாரிடம் கேட்டோம். நூலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார், தாராளமாக இருந்தது. "போகட்டும். ஆனா அவிழ்க்கிறது அம்மன்ர வாசலிலதான்."

மகள் எல்லை தாண்டிய அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது.

போட்டிக்கு முந்தின நாள் வீடியோ கோலில் வந்தாள். நெற்றி மயிரை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். நூல் சதைக்குள் புதைந்திருந்தது.

"என்ன பிள்ளை, காப்பு இப்பிடி இறுகிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லையம்மா. இஞ்சத்தச் சாப்பாட்டில கொழுத்திட்டன்."

பின்னால் நின்ற வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: "எல்லை தாண்டினதுக்கு அம்மன் இறுக்கிறாள்."

அப்போதே கோவிலுக்கு ஓடினேன். பூசாரியார் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, "பிள்ளையைவிட நூல் பெரிசில்லை. வெட்டச் சொல்லுங்கோ," என்றார்.

அவளுக்குச் சொன்னேன். அழத் தொடங்கினாள். "வெட்ட ஏலாதம்மா. சாமி நூல் எண்டுதான் ஒருத்தரையும் கையைத் தொட விடேல்ல. வெட்டினா டொக்டர் கையைப் பிடிச்சு வீக்கத்தைப் பார்ப்பார். போட விடமாட்டார்."

ஊரில் பழகும்போதே மணிக்கட்டில் நோவு தொடங்கி, அங்கே போய் வீங்கிவிட்டதாம். ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.

"குண்டு போடாத, மகள்," என்றேன். கோல் நின்றுவிட்டது. அவளோடு போயிருந்த பயிற்சி ஆசிரியருக்குப் போன் எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

அடுத்த நாள் போனில் பார்த்தோம். முதல் இரண்டு முறையும் நன்றாகவே போட்டாள். மூன்றாவதில், குண்டு கழுத்தை விட்டுக் கிளம்பும்போதே கை தொங்கிவிட்டது. சத்தம் கேட்கவில்லை. அவள் வாய் திறந்ததை மட்டும் பார்த்தேன்.

நூலை அங்கே ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து அம்மன் வாசலில் வைத்தாள். இன்றைக்கும் அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. நூல் பதிந்த கோடு மாறவில்லை.

அம்மன் தண்டித்தாள் என்கிறது ஊர். இல்லை. வீக்கம் எங்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் இறுக்கினாள் என்று நான் நம்புகிறேன்.

இப்போது மைதானத்தில் இன்னொரு பிள்ளை குண்டு போடுகிறாள். மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

அதனால்தான் எழுதினேன். இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவர்கள் இப்படியே சொல்லுங்கள். தண்டனையைச் சேர்க்காதீர்கள், வீக்கத்தை விட்டுவிடாதீர்கள்.