கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை

பழைய செய்தித்தாளைக் கசக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியை மூலைமுடுக்கெல்லாம் துடைத்த பிறகுதான் உட்காருகிறார். அவருடைய முடிதிருத்தும் கடையிலும் இப்படித்தான். எவ்வளவு பெரிய மனிதர் காத்திருந்தாலும், கண்ணாடி பளிச்சென்று ஆகாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டார். இப்போது வீட்டில் துடைப்பது இடக்கை. வலக்கை பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதமாகிறது.

இருபது வருஷமாக என் தலை அவர் பொறுப்பு. யாரிடமும் நேருக்கு நேர் பேசமாட்டார். கண்ணாடியில் தெரியும் முகத்தோடுதான் பேச்செல்லாம். "ரெட்டைச் சுழி சார் உங்களுக்கு. வீட்டம்மாகிட்ட மூச்சு விட்றாதீங்க" என்று என் பிம்பத்தைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்கு இவரையும் சேர்த்திருக்கிறார்கள். மடியில் பலகை, அதன் நடுவே நெடுக்காக நிற்கும் கண்ணாடி. விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் பலகைமேல் மறைந்து கிடக்கும். முன்னால் இடக்கையை அசைத்தால், வலக்கையே அசைவதுபோல் கண்ணாடியில் தெரியும். மூளை அதை நம்பி, விட்டுப்போன வழியை மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். ஆறு மாதத்துக்குள் அசைவு தெரிந்தால் நல்லது, அதற்கப்புறம் கஷ்டம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"முப்பத்து மூணு வருஷம் கண்ணாடியப் பார்த்தே பொழப்பு ஓடிச்சு சார். அதுல தெரியறது எந்தக் கைன்னு எனக்குத் தெரியாதா? எப்படிப் பார்த்தாலும் அது இடதுதான். மூளை நம்பணும்ங்கிறாங்க. இந்தப் பாழாப்போன கண்ணு விடமாட்டேங்குது."

கூடச் சேர்ந்த சமையல்காரர் ஒருவர் இப்போது கரண்டி பிடிக்கிறாராம். "அவனுக்கென்ன, நல்லா ஏமாந்துட்டான். குடுத்து வெச்சவன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

அவர் மனைவி விடுவதாயில்லை. தினமும் போய்க் கடையைப் பெருக்கி, நாற்காலிக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருகிறார். மருத்துவமனை கொடுத்த நோட்டில் விரல் அசைவைக் குறிப்பதும் அவர்தான். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தபோது, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, கண்ணாடிக்குப் பின்னால் குனிந்தார்.

"இன்னிக்கு ஏதாவது தெரியுதாங்க?"

"பாரேன்" என்றார் இவர்.

வலக்கையின் சுட்டுவிரல் துள்ளி அடங்கியது.

"அசஞ்சுதுங்க! சார், நீங்களும் பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன். எனக்கும் மெய் சிலிர்த்துவிட்டது. அந்த அம்மாள் நோட்டை அணைத்துக்கொண்டு, "ஒரு வாரமா தினம் அசையுது சார். அடுத்த மாசம் கடையத் தொறந்துடலாம்" என்றார். கண் நிறைந்திருந்தது. பென்சிலைக் கையில் எடுத்தவர் மறுபடி குனிந்தார்.

"எங்க, இன்னொரு தடவைங்க."

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி மனைவியை நேராகப் பார்த்தார். பலகைக்கு அடியில், அவருடைய இடது முழங்கால் மெல்ல ஓர் எம்பு எம்பியது. பலகையோடு விரலும் துள்ளியது.