ஆத்துப்பாலத்தில் நின்ற வண்டி

என் வண்டிக்கு ஒரு குணம் இருந்தது. மெக்கானிக்கைக் கண்டால் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். அவர் ஏறி வண்ணார்பேட்டையை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஓர் இருமல்கூட இருமாது. நான் ஏறினால் மட்டும், பின்னால் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, நடுரோட்டில் செத்துப்போகும். எஞ்சின், விளக்கு, ஹாரன் எல்லாம் ஒரே நேரத்தில். கொஞ்ச நேரம் அதையும் இதையும் நோண்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி விழித்துக்கொள்ளும்.

இதே வண்டியில்தான் பல வருஷம் உவரியிலிருந்து மீன் கொண்டுவந்து மேலப்பாளையத்தில் தெருத்தெருவாக விற்றேன். பைக்கின் பின்சீட்டில் ஐஸ் பெட்டி. அது வழியெல்லாம் ஒழுகும். அதனால் வண்டியைத் திறந்து பார்த்த எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

"மீன் தண்ணி குடிச்ச வண்டில்லா அண்ணாச்சி. ஒயருக்குள்ள உப்பு ஏறிட்டு. எங்கன அரிச்சிருக்குன்னு யாரு கண்டா?" என்பார் மெக்கானிக்.

பிளக் மாற்றினார், காயில் மாற்றினார், பேட்டரி மாற்றினார். ஒயர் சேரும் இடத்தையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நானும் கடற்கரையில் பிறந்தவன். உப்பு என்ன செய்யும் என்று எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உப்பைத் தின்ற வண்டி தண்ணீர் குடிக்க வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன்.

இடுப்பு போனபிறகு மீன் பெட்டியைத் தூக்க முடியவில்லை. மீன் வாங்கிப் பழகிய வீட்டுக்காரர்களே எனக்கு அடுத்த பிழைப்பைக் கொடுத்தார்கள். குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாவியை என்னிடம் விட்டுப் போனார்கள். போய்த் திறந்து, கூட்டி, மோட்டார் போட்டு, குழாயைத் திறந்து மூடி, கரண்டு பில் கட்டிவிட்டு வருவேன். தெருக்கதவுச் சாவி, கேட்டுச் சாவி, பின்கதவுச் சாவி என்று அத்தனையும் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடக்கும். தனியாக வைத்தால் தொலைத்துவிடுவேன் என்ற பயம்.

அதில் ஒரு வீடு மட்டும் பூட்டிய வீடு இல்லை. அங்கே வயசான பாய் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள், மகன் சவூதியில். பாய்க்குக் கடுமையான சர்க்கரை, தினமும் ஊசி. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பக் குனிய முடியாது என்பதால் பின்கதவுச் சாவி என்னிடம் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை மதியம். நான் ஜங்ஷனில் ஒரு கடையில் குழாய்க்கு வாஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். சவூதியிலிருந்து பாயின் மகன் போனில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, வாப்பா போன எடுக்க மாட்டக்காவ. பள்ளிவாசலுக்குப் போறதுக்கு முன்னால எங்கிட்ட பேசிட்டுத்தான் போவாவ. அரை மணி நேரமா அடிக்கேன்."

"உம்மா எங்கய்யா?"

"காயல்பட்டினத்துல கல்யாண வீட்டுக்குப் போயிருக்காவ. பக்கத்து வீட்டு ஆம்பளையள் எல்லாம் ஜும்ஆ தொழுகைக்குப் போயிட்டாவ, ஒருத்தரும் போன எடுக்கல. அந்தாண்ட வீட்டு மாமி தெருக்கதவத் தட்டிப் பாத்தாவளாம். உள்ள தாழ்ப்பா போட்டிருக்காம். சத்தமில்லயாம்." அவன் குரல் உடைந்தது. "சுகர் எறங்கியிருக்கும் அண்ணாச்சி. போன தடவ மாதிரி."

போன தடவை எனக்குத் தெரியும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்துவிட்டார். மனைவி பக்கத்தில் இருந்ததால் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுதேன். ஆனா வந்து கதவ ஒடைக்கதுக்குள்ள என்னமும் ஆயிரும். சாவி ஒங்ககிட்டதான இருக்கு? போன வச்சிராதீங்க அண்ணாச்சி, பையில போட்டுக்கிடுங்க. நீங்க கதவத் தொறக்குற சத்தம் எனக்குக் கேக்கணும்."

போனை ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப்பையில் போட்டேன். வண்டியை எடுத்தேன். மாதாவே, இன்னைக்கு மட்டும் நிக்கக் கூடாது என்று வாய்விட்டே சொன்னேன்.

ஆத்துப்பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன். பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கியதும் நின்றது.

பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. "ஏவே, பாலத்த வெலைக்கு வாங்கிட்டீரா?" என்று கண்டக்டர் தலையை நீட்டினார். வண்டியைக் கைப்பிடிச் சுவரோரம் தள்ளினேன். என் ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். சத்தமில்லை. ஹாரனும் போய்விட்டதென்றால் பிளக்கைக் குறை சொல்ல முடியாது. பேட்டரியிலிருந்து கரண்டு வரும் வழியில்தான் எங்கோ அறுபடுகிறது. சாவியை உருவி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, பியூஸைப் பிடுங்கி வெயிலில் பார்த்தேன். நன்றாக இருந்தது. சட்டையில் துடைத்து மறுபடி சொருகிச் சாவியைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. பியூஸ்காலில்தான் உப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நின்னுட்டா?" என்றது சட்டைப்பை.

"இல்லய்யா. பாலத்துல நெருக்கடி."

"வண்டிச் சத்தமே கேக்கலயே."

கலெக்டர் ஆபீஸைத் தாண்டும் வரை வண்டி ஒழுங்காக ஓடியது. குறிச்சிப் பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடாத பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியதும் மறுபடி செத்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை அப்படியே ஆற்றில் தள்ளியிருப்பேன். ஆறு பின்னால் போய்விட்டது, அதன் நல்ல காலம்.

ஒரு ஆட்டோவுக்குக் கை காட்டினேன். உள்ளே இடமில்லை. அடுத்தது வரவில்லை, மேலப்பாளையத்து ஆட்டோக்காரர்கள் பாதிப் பேர் பள்ளியில் இருக்கும் நேரம் அது. ஓடிவிடலாமா என்று பார்த்தால் இடுப்பு சிரித்தது. பையிலிருந்து அவன் அழைத்துக்கொண்டே இருந்தான். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று அதே ஒரு சொல். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் ஒரு மூடியைக்கூட ஒழுங்காகத் திறக்க முடியவில்லை. மூடிப் பூட்டில் சாவியை நுழைத்தால் மற்றச் சாவிகளெல்லாம் குறுக்கே விழுந்து மறித்தன. எரிச்சலில் நகம் பிய்யப் பிய்ய வண்டிச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றினேன். கொத்தை வேட்டி மடிப்பில் திணித்து முடிந்தேன். பேட்டரி முனைகளைப் பிடித்து ஆட்டினேன். இறுக்கமாக இருந்தன. ஒன்றும் புரியாமல் மூடியை அறைந்து சாத்திவிட்டுச் சாவியைப் போட்டேன். விளக்கு வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியையும் உயிரைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். இந்தப் பள்ளத்தில் நிற்கும் என்று நினைப்பேன், நிற்காது. வேகத்தடையில் தூக்கிப் போட்டது, நிற்கவில்லை. பாதி பெயர்ந்த ரோட்டில் கிடுகிடுவென்று ஆடியது, அப்போதும் நிற்கவில்லை. இடுப்பில் சாவிக்கொத்து குத்திக்கொண்டே வந்தது. அப்போதுதான் உறைத்தது.

மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போதெல்லாம் இந்தக் கொத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் விடுவேன். ஊரார் வீட்டுச் சாவியைக் கடையில் போட்டுவிட்டு வர முடியுமா? அவர் ஓட்டியதெல்லாம் ஒற்றைச் சாவியில். நான் ஓட்டியதெல்லாம் அரைக்கிலோ இரும்பைத் தொங்கவிட்டு. குழியில் விழும்போதெல்லாம் கொத்து ஆடிச் சாவியை இழுக்க, தேய்ந்துபோன சாவி சுவிட்சுக்குள் தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது. நோண்டுவதற்காகச் சாவியை உருவி மறுபடி போட்டதும் தொடுப்பு வந்திருக்கிறது. பியூஸைத் துடைத்ததெல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வேறொரு நாளாக இருந்தால் ஓரமாக நிறுத்தி விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று அந்த ஞானத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை. பாய்க்கு மூச்சு இருக்கிறதா என்பது மட்டும்தான் வேண்டியிருந்தது.

பாய் வீட்டுத் தெருவில் ஆள் இல்லை. பள்ளி ஒலிபெருக்கியில் தொழுகைக்கு முந்தைய பிரசங்கம், பயான், ஓடிக்கொண்டிருந்தது. சந்துவழியாகப் போய்ப் பின்கதவுப் பூட்டில் ஒரு சாவியை நுழைத்தேன். அது வேறு வீட்டுச் சாவி. அடுத்ததும் வேறு. மூன்றாவதில் திறந்தது.

"தொறந்துட்டீங்களா? வாப்பா என்ன செய்யுதாவ?"

அடுக்களையைத் தாண்டி உள்ளே ஓடினேன். பள்ளிக்குப் போக வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி உடுத்தித் தயாராகியிருந்தவர் நாற்காலிக்குக் கீழே சரிந்து கிடந்தார். தொப்பி ஒரு பக்கம் கிடந்தது. சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. நெஞ்சில் காதை வைத்தேன். என் நெஞ்சு அடித்த அடியில் முதலில் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லுங்க!"

"மூச்சு இருக்குய்யா. இருக்கு. கண்ணு தொறக்கல."

"வாயில எதையும் ஊத்திராதீங்க, புரை ஏறிரும். ஒருக்களிச்சுப் படுக்கப் போடுங்க. அலமாரில தேன் இருக்கும். வெரல்ல தொட்டுக் கன்னத்துக்குள்ள பைய தடவுங்க."

தடவினேன். மறுபடி தடவினேன். எத்தனை பேர் வீட்டுக்கு நான் காவல், இந்த ஒரு மனுஷனைக் காக்க முடியாமல் போய்விடுமோ என்று நினைத்துக்கொண்டே மறுபடி தேனைத் தொட்டேன். பயான் முடிந்து, தொழுகையும் முடிந்து, தெருவில் செருப்புச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. என் விரலை ஏதோ தள்ளியது. அவர் நாக்கு. உதட்டைச் சப்பினார். இமை அசைந்தது. நெடுநேரம் என் முகத்தையே யாரோ என்னவோ என்று பார்த்தார். பிறகு கண் மெல்லக் கீழே இறங்கி என் காலில் போய் நின்றது.

"ஏலே," என்றார், நாக்கு குழற. "செருப்போடயால... தொழுவுத வீட்டுக்குள்ள வந்திருக்க?"

போனை அவர் வாயருகே கொண்டுபோனேன். இன்னொரு தடவை அதையே சொன்னார், இப்போது கொஞ்சம் சத்தமாக.

"அண்ணாச்சி," என்றான் அவன். "வாப்பா ஏசுதாவளா?"

"ஆமாய்யா. நல்லா ஏசுதாவ."

போனின் அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆம்பளை வாய்விட்டு அழுகிற சத்தம் வந்தது. வாசலில் ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். உட்கார்ந்தபடியே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.