வட்டமாக ஏதோ ஒன்று

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸில் எனக்கென்று இருந்த ஒரே வேலை ஸ்டார் கட்டுவது. அதையும் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. நான் ஏணியில் ஏறி வாசல் மாமரத்துக் கிளையில் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பேன். என் மனைவி கீழே நின்று, "இன்னும் இடது பக்கம்... ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது" என்பாள். தெருவில் போகிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

மற்றதெல்லாம் அவள் ராஜ்ஜியம். நான் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஷிப்ட் பார்க்கிறவன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்னோடு வேலை செய்கிறவர்களின் ஷிப்டை நான் வாங்கிக்கொள்வேன். கிறிஸ்துமஸுக்கு என் ஷிப்டை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் செக்‌ஷனில் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலே நடக்கிற ஏற்பாடு இது. ஆனால் முந்தின நாள் எனக்கு டியூட்டி இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது பலகாரம் டின்களுக்குள் போயிருக்கும், ஜன்னலில் திரை மாறியிருக்கும், ஹாலில் குடில் எழுந்திருக்கும். எது எங்கிருந்து வந்தது, எதற்குப் பிறகு எது நடந்தது என்று ஒரு வருஷமும் நான் கேட்டதில்லை. குளித்துவிட்டு வந்து முறுக்கைக் கடிப்பதோடு சரி.

போன வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போயின. நாம் சொல்வது அவளுக்குப் புரியும், அவளுக்குத்தான் வார்த்தை வராது, எழுத்தும் வராது என்று டாக்டர் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஓர் அட்டையைத் தந்துவிட்டுப் போனாள். தண்ணீர், சோறு, மாத்திரை, கழிப்பறை, வலி என்று படம் போட்ட அட்டை. வேண்டியதை இடது கையால் தொட்டுக் காட்ட வேண்டும். வாசலில் காய்கறி வண்டிக்காரரை நிறுத்தி வைத்து உலக விஷயம் பேசியவளுக்கு இனி அந்த அட்டைதான் வாய் என்பதை என்னால் சகிக்க முடியவில்லை. அவள் சகித்துக்கொண்டாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கி, "ஸ்டார் இல்லாம வீடு இருட்டா கெடந்தா அம்மாவுக்கு என்ன தோணும்? கடையில வாங்கிடலாம்ப்பா. அம்மா உக்காந்து பாத்தா போதும்" என்றாள். சரி என்று நானும் லீவு போட்டேன். மெயின் பஜார் பேக்கரியில் கேக்கும், பக்கத்துக் கடையில் முறுக்கும் அதிரசமும் வாங்கி வந்தோம். ஸ்டாரைக் கட்டினேன். கீழே நின்று திருத்த ஆளில்லாததால் அது கோணலாகத் தொங்கியது. குடில் வைத்தோம், சீரியல் பல்பு போட்டோம். ஹாலில் நாற்காலியில் தலையணை முட்டுக் கொடுத்து அவளை உட்கார வைத்தோம். பலகாரத் தட்டை மகள் அவள் முன்னால் நீட்டி, "அம்மா, எல்லாம் ஆச்சு. சரியா?" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. என் மனைவி தட்டைப் பார்த்தாள், குடிலைப் பார்த்தாள், இடது கையைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். முகத்தில் அவசரம் தெரிந்தது. பஸ் கிளம்பப் போகிறது, பை வீட்டிலேயே இருக்கிறது என்கிற மாதிரி அவசரம்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அட்டையில் இல்லாத ஒன்றை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "தட்டு" என்றேன் பெரிய மனுஷத்தனமாக. பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் அனுப்பும் எவர்சில்வர் தட்டுகளை எடுத்து வந்து காட்டினேன். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி வட்டம், மறுபடி பின்பக்கம்.

பின்பக்கம் என்றால் அடுப்படி இருக்கிறது, அதன்மேல் பரண் இருக்கிறது, அதைத் தாண்டிக் கொல்லையில் பலா மரம் இருக்கிறது, துணி துவைக்கும் கல் இருக்கிறது. நான் அடுப்படியிலிருந்து ஆரம்பித்தேன். அதிரசத் தட்டி, முறுக்கு உரல், அச்சு முறுக்கு அச்சு, பூரிப் பலகை, இட்லித் தட்டு. ஒரு வீட்டில் வட்டமாக இத்தனை சாமான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து காட்டுவேன், அவள் தலையை ஆட்டுவாள், நான் தரையில் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடுவேன். மகள் பேனாவும் தாளும் கொடுத்துப் பார்த்தாள். இடது கையால் அவள் வரைந்தது மூடாத ஒரு வட்டம். அதற்குள் ஏதோ கோடு போடப் போனாள், பேனா நழுவிவிட்டது. தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தோம். எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டம் வட்டமாகத்தான் இருந்தது.

எதிர் வீட்டுப் பெண் வந்தாள். முந்திரிக்குப் பேர்போன காடாம்புலியூர்க்காரி, என் மனைவிக்குத் தங்கை மாதிரி. மார்கழியில் தன் வாசலில் கோலம் போடும்போது எங்கள் வாசலிலும் ஒன்று இழுத்துவிட்டுப் போவாள். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம் என்பதால் என் மனைவி வருஷா வருஷம் பாசிப்பயறில் முந்திரிக்கொத்து செய்வாள். "முந்திரிக்கொத்துன்றீங்க, ஒரு முந்திரியக் காணமேக்கா" என்று வருஷா வருஷம் இவள் கேலி செய்வாள். தாய் வீட்டிலிருந்து வந்த முந்திரிப் பருப்பை, "இதையாவது போட்டு மானத்தக் காப்பாத்துங்க" என்று கொடுத்துவிட்டுப் போவாள்.

நடந்ததைக் கேட்டதும், "முந்திரிக்கொத்தாத்தான் இருக்கும்ங்க. அதுவும் உருண்டதான்? கடப் பலகாரத்துல அது இல்லயே!" என்றாள். மகளும் குதித்தாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அவர்கள் இரண்டு பேரும் போனில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பயறை வறுத்து, இடித்து, வெல்லப்பாகு காய்ச்சி, மாவில் தோய்த்துப் பொரித்தார்கள். பாகு முறிந்துவிட்டது. பாதி எண்ணெயிலேயே உதிர்ந்தது. மிஞ்சியதில் நல்லதாக ஒன்றை எடுத்து ஊதி, பிட்டு, என் மனைவியின் வாயில் மகள் வைத்தாள். அவள் மென்று முழுங்கினாள். நல்லா இருக்கு என்கிற மாதிரி மகளின் கன்னத்தைத் தொட்டாள். நாங்கள் மூச்சை விடுவதற்குள் கை மேலே போனது. வட்டம்.

அதற்குப் பிறகுதான் பரண். ஏணியைப் போட்டு ஏறினேன். பழைய ஸ்டார்கள், ஜிகினா வளையம், உடைந்த மேசை விசிறி, மகளின் சின்ன வயசுத் தொப்பி, சைக்கிள் டயர் ஒன்று. டயரை எதற்குக் கீழே இறக்கினேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. வட்டமாக இருந்தது, இறக்கினேன். எதிர் வீட்டுப் பெண் ஓடிப்போய்க் கோலப்பொடி எடுத்து வந்து வாசலில் பெரிய வட்டக் கோலம் ஒன்று போட்டாள். நானும் மகளும் தாங்கி என் மனைவியை வாசல்வரை நடத்திக் கூட்டிப் போய்க் காட்டினோம். அவள் கோலத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பக் கூட்டி வந்து உட்கார வைத்ததும், நல்ல கையால் நாற்காலிக் கையில் தட்டித் தட்டிப் பின்பக்கத்தைக் காட்டினாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை இல்லை.

என் பொறுமை அறுந்தது. "என்னதாம்ட்டி வேணும் ஒனக்கு? எத்தனையக் கொண்டுவாறது? சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன். சொல்ல முடியாதவளிடம் சொல் என்று கத்தினேன். மகள் என்னை அடிக்க வருகிறவள் போல் பார்த்தாள்.

எதிர் வீட்டுப் பெண்தான் பேசினாள். "அவங்க மனசுல ஒண்ணு ஓடிக்கினு இருக்குது, வாயில வரல. அவங்களுக்கு நம்மளவிட ஆத்திரமா இருக்காதாண்ணா? நீங்க கத்தனா மட்டும் வந்துடுமா?"

வராது. எனக்குத் தெரியும். இவளோடு இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இவள் வீட்டில் என்ன செய்வாள் என்று ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். சுரங்கத்தில் எந்த உருளை எப்படிச் சத்தம் போட்டால் எங்கே பழுது என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. அவள் தாயிடம் கேட்கலாம் என்றால் அந்த அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இதை அறிந்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்கோ வாய் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு சாமான்களுக்கு நடுவில் நின்றேன்.

வெளிச்சம் குறைந்து தெருவில் ஸ்டார்கள் எரிய ஆரம்பித்தபோது மகள் பீரோவின் அடித்தட்டைக் கிளறி ஒரு துணியை எடுத்து வந்தாள். வெள்ளை நூலில் ஊசி கொண்டு பின்னிய வட்டத் துணி. ஒரு காலத்தில் டிவி மேல் கிடந்தது. ஓரத்தில் காப்பிக் கறை. "அம்மா, இதுவா?" என்றாள்.

என் மனைவி துணியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகளின் தலை முழுக்க ஒட்டடை. பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கையை நீட்டித் துணியை வாங்கி மடியில் விரித்துத் தடவிக்கொண்டாள்.

மகள் ஓவென்று கத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். "அப்பாடா! இதத்தான் கேட்டுக்கினு இருந்தாங்களா! நாம ஊரெல்லாம் சுத்தி வந்துட்டம்" என்று எதிர் வீட்டுப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். "இதுக்குப் போயா இந்தப் பாடு" என்றுகூடச் சொன்னேன்.

ஆனால் அது இல்லை. தேடிய பொருள் கிடைத்தால் என் மனைவி சிரிக்க மாட்டாள்; அந்தப் பொருளைத் திட்டுவாள். சாவியோ மூக்குக்கண்ணாடியோ கையில் வந்ததும், "எங்க போய் ஒளிஞ்சு கெடந்த?" என்று முறைப்பாள். பேச்சு போனாலும் முறைப்பு போகவில்லை. ஆனால் அந்தத் துணியை அவள் முறைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை கிறுக்கிக் கொண்டுவந்த படத்தைப் பார்க்கிறவள் மாதிரி சிரித்தாள். நாங்கள் ஓய்ந்துவிட்டோம் என்று தெரிந்து எங்களை விட்டுவிட்டாள்.

மறுநாள் கேக்குக்குக் கீழே அந்தத் துணி கிடந்தது. ஆராதனை முடிந்து வந்தவர்கள், ஷிப்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள், எல்லாரிடமும் மகள் கதையைச் சொன்னாள். டயர் கதைக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கடைசியில பாத்தா அம்மா இதத்தான் கேட்டிருக்காங்க!" என்று மகள் முடிக்கும்போதெல்லாம் என் மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள்.

மத்தியானம் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "அது இல்லதானே?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"இன்னும் தேடட்டுமா? எனக்கு லீவு இருக்கு."

வேண்டாம் என்று தலையாட்டினாள். என் புதுச் சட்டையின் கழுத்துக்கு வெளியே துணிக்கடைச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இடது கையால் அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

இப்போது மறுபடியும் டிசம்பர். அவள் கம்பு ஊன்றி அடுப்படிவரை நடக்கிறாள். பேச்சு வரவில்லை. டியூட்டி முடிந்து வந்ததும் தினமும் அவள் முன்னால் உட்கார்ந்து, "போன வருஷம் கேட்டியே, அத இன்னொரு தடவை காட்டு. இந்தத் தடவை கத்த மாட்டேன்" என்கிறேன். அவள் என் கையைத் தட்டிக் கொடுக்கிறாள். இப்போதெல்லாம் அட்டையில் இருப்பதை மட்டும்தான் கேட்கிறாள்.