கண்ணாடிப் பெட்டிக்குள் போன பீங்கான்

என் ஆராய்ச்சியை வீட்டில் யாருக்கும் ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைத்ததில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கானை, தேன்கூடு போல உள்ளே அறை அறையாக, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்வது. அச்சிட்டதை மின்சூளையில் இரண்டு நாள் மெல்லச் சுட வேண்டும். அவசரப்பட்டால் விரிசல். அவசரப்படாவிட்டாலும் விரிசல்தான். எங்கள் ஊர் அகரத்திலிருந்து அம்மா போன் செய்வாள். "இன்னும் எம்புட்டு நாளு அந்தச் சட்டிபானைய சுட்டுக்கிட்டிருப்ப?" ஆறாவது வருடம். வேலைக்கும் போக முடியவில்லை, பாதியில் விடவும் மனமில்லை.

போன வருடம் ஒன்று முழுதாக வெளியே வந்தது. தீப்பெட்டி அளவுதான். கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஆனால் சுட்டு எடுத்தது வெறும் பீங்கான். சூடான எண்ணெயில் முக்கி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்த பிறகுதான் அது மின்சாரம் தரும். அதை அளந்து ஓர் எண்ணை எழுதினால், ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நான் கிளம்பலாம்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் தடுத்தார். கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வர இருந்தது. "ஏம்மா, எண்ணெயில போட்டு வெடிச்சுப்போச்சுன்னா வர்றவங்களுக்கு எதக் காட்டுறது? அவங்க போற வரைக்கும் பொறு."

பீங்கான் வெல்வெட் துணிமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. சாவி அவரிடம். தினமும் நாகல் நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, நான் செய்த பொருளை வெளியே நின்று பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

குழு வந்த அன்று பட்டுச் சேலையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். குழுவில் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"இத அழுத்துனா கரண்டு வருமா?"

"வரும் சார், அளந்தாச்சு" என்றார் பேராசிரியர், என்னைப் பார்க்காமல்.

குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். "எவ்வளவும்மா?"

முன்பு அதே பீங்கானில் செய்த சாதாரண வட்டத் தகடு ஒன்றில் அளந்த எண் நினைவில் இருந்தது. அதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் போய்ச் சாவி கேட்டேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நம்பர் சொன்னது நீதானம்மா. இப்ப அளந்து வேற வந்துச்சுன்னா என்ன பண்ணுவ?"

மிரட்டலாகக்கூடக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் எனக்கு அதிகம் வந்தது. சாவி வாங்காமலே ஆய்வகத்துக்குத் திரும்பி, புதிதாக ஒன்றை அச்சிட இயந்திரத்தைப் போட்டேன். அது சரியாக வந்தாலும், நான் சொன்ன எண்தான் அதிலும் வந்தாக வேண்டும்.